ஓந்து குடிக்காத ரத்தம்

கட்சி தாவும் எம்.எல்.ஏ.வைத் திட்ட, தமிழர்களுக்குப் பச்சோந்தி, மலையாளிகளுக்கு ஓந்து. வார்த்தை கிட்டத்தட்ட ஒன்றுதான். பச்சை ஓந்திதான் பச்சோந்தி ஆனது. ஆனால் திருவனந்தபுரத்து வேலிகளில் ஓந்து என்று காட்டப்படுவது அநேகமாகப் பச்சோந்தி அல்ல, சாதாரண ஓணான். பச்சோந்திக்கு மழை கொட்டும் தென்கேரளத்தைவிடத் தமிழகத்தின் வறண்ட காடுகளே உகந்தவை.

ஓணானுக்கும் நிறம் மாறும். அதுதான் அதற்கு வினை. இனப்பெருக்க காலத்தில் ஆணின் தலையும் தோளும் செக்கச்செவேலென்று ஆகிவிடும். தூரத்திலிருந்தே மனித ரத்தத்தை உறிஞ்சியதால் வந்த சிவப்பு என்பது கேரளத்துச் சிறுவர்களின் பழைய நம்பிக்கை. ஒரு கையால் தொப்புளைப் பொத்திக்கொண்டு மறு கையால் கல்லெறிவார்கள். வெள்ளைக்காரர்களும் அதற்கு 'ரத்தம் உறிஞ்சி' என்றே பெயர் வைத்தார்கள். அது தின்பதோ எறும்பும் வெட்டுக்கிளியும்.

பச்சோந்தி மீதும் இதே போல ஒரு வீண்பழி. இலையில் பச்சையும் கிளையில் பழுப்புமாக ஒளிய நிறம் உதவுகிறது, உண்மை. ஆனால் சிவப்புச் சேலையில் விட்டால் நம் பச்சோந்தி சிவக்காது. குளிர்ந்த காலையில் வெயிலை உறிஞ்சக் கருக்கும், சூடேறினால் வெளுக்கும். எதிரியைக் கண்டால், பெண்ணைக் கண்டால், பயந்தால் மாறும். மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாத பிராணி என்பதே பொருத்தம்.

எப்படி மாறுகிறது? மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றை ஆராய்ந்த ஜெனிவா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2015இல் விடை சொன்னார்கள். தோல் செல்களில் மிக நுண்ணிய குவானின் படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சாந்தமாக இருக்கையில் அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பியனுப்பும். தோலின் மஞ்சள் சாயத்தோடு சேர்ந்தால் அது பச்சை. உணர்ச்சிவசப்பட்டால் படிகங்கள் விலகும். மஞ்சளும் சிவப்பும் வெளிப்படும். கருமைக்கு மெலனின் தனி. சாயம் பூசுவதைவிட ரேடியோவைத் திருகி ஸ்டேஷன் மாற்றுவதற்கே இது நெருக்கம்.

பாறை ஓணான்களைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் கவனித்தார்கள். ஆண், பெண்ணிடம் காட்டும் நிறம் வேறு. சண்டையில் காட்டும் நிறம் வேறு. காதலில் முதுகு சிவந்து பக்கவாட்டில் கறுக்கும்; சண்டையில் முதுகு மஞ்சளாகும். காதலுக்குப் பளிச்சென்று தெரிவது முக்கியம், சண்டைக்கு வேகம்.

வேலியோர ஓணானும் இப்படித்தான் மேலே ஏறி, முன்கால்களில் தண்டால் எடுத்து, சிவப்பைக் காட்டுகிறது. தோற்ற ஆண் சீக்கிரமே வெளுத்து இறங்கிப் போகும். இந்தச் சிவப்பு தென்படத் தொடங்குவது கோடையில். கேரளத்துப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறையும் அப்போதுதான்.