காலண்டர் அடிக்கிற ஊரில் மெகாபிக்ஸலுக்குத் தவணை கட்டும் கூத்து

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ஆரம்பித்துவிடும். விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கம் எந்தக் கல்லூரியிலும் வகுப்புக்கு ஒருத்தராவது "மச்சான், கேமரா வாங்கப் போறேன்டா" என்று கிளம்புவார். உடனே கேண்டீனில் மாநாடு கூடும். "கேனானா, நிக்கானா?" என்பது முதல் கேள்வி. இப்போது சோனியும் சேர்ந்துகொண்டதால் சண்டை மும்முனைப் போட்டி. "எத்தனை மெகாபிக்ஸல்?" என்பது இரண்டாவது. "யார்கிட்டடா கிரெடிட் கார்டு இருக்கு?" என்பது மூன்றாவது.

ஒருத்தர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. "எடுத்த படத்தை எங்கே, எவ்வளவு பெருசா பார்க்கப் போறே?"

இந்தக் கேள்வி தமிழ்நாட்டில் வேறு எந்த ஊரில் எழாமல் போனாலும் மன்னிக்கலாம். சிவகாசிக்குப் பக்கத்தில் எழாமல் போவதுதான் கொடுமை. ஏனென்றால் அந்த ஊர் பிழைப்பதே அச்சில்தான். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். தீப்பெட்டி வந்ததும் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வந்தது. அச்சகம் வந்த பிறகு பட்டாசுப் பெட்டி, காலண்டர், டைரி, நோட்டுப் புத்தகம் என்று வரிசையாக வந்தன. கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டைய ராஜு வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகித்தான் ஊர் ஊராகப் பூஜை அறைக்குப் போனார்கள். ஒரு படம் தாளில் ஏறும்போது அதற்கு என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் ஊர் அது. அவர்களிடம் போய் ஒரு வார்த்தை கேட்காமல், கடை விளம்பரத்தைப் பார்த்து ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று கொட்டுகிறார்கள் பிள்ளைகள்.

சரி, அச்சகத்துக்காரர் கணக்கு என்ன?

ஆஃப்செட்டில் படம் என்பது புள்ளிகள்தான். நல்ல தாளில் வழக்கமாக அங்குலத்துக்கு 150 வரி அளவில் புள்ளிகளை வைப்பார்கள். அதற்கு இரண்டு மடங்கு, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்ஸல் கொடுத்தால் போதும். அதற்கு மேல் கொடுப்பது நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. இப்போது கூட்டிப் பாருங்கள். ஏ4 தாள் முழுக்க ஒரு படம் அடிக்க 2480 பெருக்கல் 3508, ஏறத்தாழ 8.7 மெகாபிக்ஸல். ஏ3க்குச் சுமார் 17.4. சுவரில் தொங்கி, நாலடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 200 போதும். 15க்கு 20 அங்குலக் காலண்டர் படத்துக்கு 12 மெகாபிக்ஸலில் வேலை முடிந்தது.

காலண்டரே 12 என்றால், மச்சான் எடுக்கும் படம் எங்கே போகிறது? இன்ஸ்டாகிராமில் அகலம் 1080 பிக்ஸல். நெட்டுக்குத்தாக 1080 பெருக்கல் 1350 அளவில் போட்டால் ஒன்றரை மெகாபிக்ஸல்கூட இல்லை. முழு ஹெச்டி கணினித் திரை நிறைய ஒரு படம் போட்டால் 2 மெகாபிக்ஸலைச் சற்றே தாண்டும். 2003ல் வந்த கேனான் 300டி கேமராவில் 6.3 மெகாபிக்ஸல். அந்த அரதப் பழசு டப்பாவே இன்ஸ்டாகிராமுக்குத் தேவையானதைவிட நாலு மடங்கு கொடுக்கும். 2018ல் வந்த கேனான் 1500டி, அந்த நிறுவனத்தின் அடிமட்ட டிஎஸ்எல்ஆர் வகையறா, 24 மெகாபிக்ஸல். ஆக, இன்றைக்குக் கையில் கிடைக்கும் எந்தச் சாதா கேமராவும் காலண்டரைத் தாண்டிவிட்டது. "இதைவிட அதில் மெகாபிக்ஸல் ஜாஸ்தி" என்று யாராவது விற்க வந்தால், "அண்ணாச்சி, என்கிட்ட அவ்வளவு பெரிய சுவர் இல்லை" என்று சொல்லிவிட்டு வரலாம் :-)

அடுத்த மூடநம்பிக்கை, லென்ஸ். "ராத்திரி வாணவேடிக்கை எடுக்கணும்டா, எஃப்/1.4 லென்ஸ் இல்லாம முடியாது." தீபாவளி வந்தால் இந்த வசனம் காதில் விழாமல் இருக்காது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இருட்டு, அதனால் வெளிச்சத்தை அள்ளும் லென்ஸ் வேண்டும். ஆனால் விஷயம் நேர்மாறு.

வாணத்தில் இருந்து சிதறும் பொறி நகர்ந்துகொண்டே இருக்கிறது. சென்ஸாரில் ஒரே இடத்தில் அது நிற்பது கண்ணிமைக்கும் நேரம்தான். அதனால் ஷட்டரை இரண்டு நொடி திறந்தாலும் எட்டு நொடி திறந்தாலும் அந்த ஒளிக்கோட்டின் பிரகாசம் மாறாது. கோட்டின் நீளமும் எண்ணிக்கையும்தான் கூடும். பிரகாசத்தை முடிவு செய்வது துளையின் அளவும் ஐஎஸ்ஓவும் மட்டுமே. துளையை எஃப்/1.4க்குத் திறந்தால் என்ன ஆகும்? ஸ்ட்ரான்ஷியம் கொடுக்கும் சிவப்பும் தாமிரம் கொடுக்கும் நீலமும் வெளுத்து, சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைக் கோடாக நிற்கும். கலர் வாணம் செய்ய இத்தனை பேர் மருந்து கலக்கியது எதற்கு?

சரியான கணக்கு இதுதான். ஐஎஸ்ஓ 100. துளை எஃப்/8 முதல் எஃப்/11 வரை. ஷட்டர் பல்ப் முறையில், வாணம் கிளம்பும்போது திறந்து, பூ உதிர்ந்ததும் மூட வேண்டும். ஃபோகஸைக் கையால் தூரத்து விளக்கு ஒன்றில் வைத்துவிட்டு அப்புறம் தொடவே கூடாது. 18 மி.மீ., எஃப்/8ல் தூரத்தில் ஃபோகஸ் வைத்தால் மூன்று மீட்டருக்கு அப்பால் இருப்பதெல்லாம் தெளிவாக விழும். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஆட்டோஃபோகஸுக்குக் கொடுத்த காசு அங்கே தண்டம். ஃபிளாஷை அணைத்துவிட வேண்டும், அது அடித்தால் பக்கத்து வீட்டுப் புகைதான் தெரியும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். புகை சேருவதற்கு முன்னால் முதல் சில வாணங்களைப் பிடித்துவிட வேண்டும்.

இதற்குத் தேவையான லென்ஸ்? கேமராவோடு சும்மா ஒட்டிக்கொண்டு வரும் 18-55. அதையே எல்லோரும் "கிட் லென்ஸ், வேஸ்ட்டு" என்று ஓரங்கட்டுகிறார்கள். உண்மையில் தேவையானது ஆடாத முக்காலியும் ஷட்டரைத் தொடாமல் திறக்க ஒரு ரிமோட்டும். லென்ஸுக்கு முப்பதாயிரம் கொடுத்த அதே ஆள், முக்காலிக்கு முந்நூறு ரூபாய் பிளாஸ்டிக் குச்சி வாங்குவார். அப்புறம் வாணமெல்லாம் பாம்பு மாதிரி நெளியும்.

அதற்காக, "கருவியில் ஒன்றுமே இல்லை, எல்லாம் கலைக்கண்ணில்தான் இருக்கிறது" என்று தத்துவம் பேசுபவர்கள் சொல்வதும் டுபாக்கூர்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மலையடிவாரத்தில் மர உச்சியில் ஓடும் சாம்பல் நிற அணிலை 18-55 வைத்து எடுத்தால் அணிலா, கிளையில் சிக்கிய துணியா என்று பட்டிமன்றம் வைக்கலாம். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கபடி எடுக்க வெளிச்சம் அள்ளும் லென்ஸ் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் அணிலையும் கபடியையும் வருஷத்துக்கு எத்தனை நாள் எடுக்கப் போகிறார்கள்? நாலு நாளைக்கு வாடகைக்கு எடுத்தால் தீர்ந்தது. கல்யாண போட்டோகிராபர்களே மதுரைக்குப் போய் லென்ஸை வாடகைக்கு எடுக்கிறார்கள். தொழில் செய்பவருக்கு இல்லாத கௌரவக் குறைச்சல் மாணவருக்கு எங்கிருந்து வந்தது?

இனி, பி.காம் படிப்பவர்களுக்கு மட்டும் ஒரு குட்டு. தேர்வில் தேய்மானக் கணக்குக்குப் பத்து மார்க் வாங்கிவிட்டு, வெளியே வந்து "நோ காஸ்ட் இ.எம்.ஐ" என்று வாயைப் பிளக்கிறார்களே, அதற்கு.

பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, பல நேரம் அது வேறு கட்டணங்களுக்குள் ஒளிந்திருக்கிறது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுற்றறிக்கை விட்டுவிட்டது. ரொக்கத்துக்குக் கிடைக்க வேண்டிய தள்ளுபடி காணாமல் போகும், நடைமுறைக் கட்டணம் என்று ஒன்று முளைக்கும், அதன்மேல் ஜிஎஸ்டி ஏறும். கேமராவுக்கே ஜிஎஸ்டி 18 சதவீதம் (2018 முடியும்வரை 28). இதே கேமராவை ஜிஎஸ்டியில் பதிவு செய்த ஸ்டுடியோக்காரர் வாங்கினால், கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்வார், தேய்மானத்தை லாபத்தில் கழிப்பார். பொழுதுபோக்குக்கு வாங்குபவருக்கு இரண்டும் கிடையாது. ஒரே பெட்டி, ஒரே விலை. ஆனால் அவருக்கு அது மூலதனம், இவருக்கு முழுச் செலவு. இந்த வித்தியாசத்தை முதல் வருஷமே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

ஒரு படத்துக்கு எவ்வளவு அடக்கம்? அறுபதாயிரத்துக்கு வாங்கி, இரண்டு வருஷம் கழித்து முப்பதாயிரத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். பையை விட்டு வெளியே எடுக்கவே பயந்து, மொத்தம் அறுநூறு படம் எடுத்திருந்தால் ஒரு படம் ஐம்பது ரூபாய். இருபதாயிரத்துக்குப் பழைய கேமரா வாங்கி, பதினைந்தாயிரத்துக்கு விற்று, நடுவில் ஐயாயிரம் படம் எடுத்தவருக்கு ஒரு படம் ஒரு ரூபாய். இதில் யார் படம் கற்றுக்கொண்டிருப்பார் என்பதை இருப்புநிலைக் குறிப்பு போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டுமா? நிறுவனங்கள் மிரர்லெஸ் பக்கம் தாவிவிட்டதால் பழைய டிஎஸ்எல்ஆர் விலை இறங்கிக் கிடக்கிறது. ஷட்டர் எத்தனை முறை ஓடியிருக்கிறது என்று கேட்டு, லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் பயப்பட ஒன்றுமில்லை.

இந்த ஊர்களில் அறுபதாயிரம் என்பது சும்மா ஒரு எண் இல்லை. தீப்பெட்டி ஒட்டியும் திரி சுருட்டியும், மழை வந்தால் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தும் சேர்த்த பணம். பல வீடுகளில் அது அம்மாவின் சீட்டுப் பணம், இல்லையென்றால் கழுத்தில் இருந்து அடகுக் கடைக்குப் போன நகை. மெகாபிக்ஸலுக்காக அதைக் கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் கூச்சம் வர வேண்டாமா?

கடைசியாக, எல்லாவற்றையும்விட மோசமான செலவு ஒன்று இருக்கிறது. 70-300 லென்ஸ் வாங்கியதும் முதலில் அது திரும்புவது அணில் பக்கம் இல்லை. அதிகாலையில் வேனில் நெருக்கி உட்கார்ந்து வேலைக்குப் போகும் அக்காக்கள் பக்கம். அலுமினியப் பொடி அப்பிய கைகள், களைத்த முகம். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்து சுட்டு, கறுப்பு வெள்ளை ஆக்கி, "வாழ்க்கை" என்று ஒற்றை வார்த்தைத் தலைப்பு. அந்த அக்காவைக் கேட்டார்களா? கேட்கப் பயந்துதானே அந்த லென்ஸ்! சிவகாசிக்குக் கேமரா புதுசில்லை. குழந்தைத் தொழிலாளர் வழக்கு நடந்து 1996ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ஊர் அது. தன் முகம் எங்கே அச்சாகும், யார் பார்ப்பார்கள், வேலைக்கு ஏதாவது ஆகுமா என்று அங்கே ஒருத்தர் யோசித்தால் அது பட்டிக்காட்டுப் பயம் இல்லை, அனுபவம். இன்னும் ஒன்று: எங்கேயாவது ஆலையில் புகை கிளம்பினால் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுவது வீரமும் இல்லை, கலையும் இல்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் வெடித்தபோது, உதவப் போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் செத்துப் போனார்கள். அதற்கு எந்த லென்ஸும் போதாது.

கிட் லென்ஸில் ஒருத்தர் முகத்தை எடுக்க வேண்டுமென்றால் நாலடி தூரத்தில் போய் நிற்க வேண்டும். நின்றால் பேச வேண்டும். பேசினால் பெயர் தெரியும். "எடுக்கட்டுமாக்கா?" என்று கேட்க வேண்டும். "வேணாம்ப்பா" என்றால் கேமராவை இறக்க வேண்டும். பலர் சிரித்துக்கொண்டே சேலையைச் சரிசெய்துவிட்டு நிற்பார்கள். விலை மலிந்த லென்ஸ் சொல்லித்தரும் இந்தப் பாடத்தை ஒன்றரை லட்ச ரூபாய் லென்ஸ் ஒருநாளும் சொல்லித்தராது.

அப்புறம் அந்த முதல் கேள்வி. எடுத்த படத்தை எங்கே பார்க்கப் போகிறீர்கள்? எத்தனையோ அச்சகம் இருக்கிற ஊர். நாலுக்கு ஆறு அங்குலத்தில் ஒரு பிரிண்ட் போட்டு, எடுத்தவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். அதற்குத் தேவை சுமார் 2 மெகாபிக்ஸல். அந்த வீட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில் அது மாட்டியிருக்கும். தவணை ஒன்றுகூட பாக்கி இருக்காது.