மதிலும் மாந்தரும்

தோளில் ஒரு பையும் மடியில் சிறு பொருளுமாக நாடு சுற்றும் இளைஞர், தாய்லாந்தின் தலைநகராகிய பாங்காக்கை அடைந்ததும் பெரும்பாலும் நாடுவது காவோ சான் என்னும் தெருவை. அந்நாட்டு மொழியில் அப்பெயருக்கு உமி நீக்கிய அரிசி என்பது பொருள். முன்னாளில் அரிசி வாணிகம் நடந்த அத்தெருவில், 1980-களில் வீட்டுக்காரர் சிலர் தம் அறைகளைக் குறைந்த வாடகைக்கு விடத் தொடங்கினர். நாளடைவில் அரிசி மூட்டைகள் இருந்த இடத்தை விடுதிப் பலகைகளும் நள்ளிரவிலும் ஓயாத இசை முழக்கமும் பிடித்துக்கொண்டன. அங்கேயே மூன்று நாள் தங்கிவிட்டு, பாங்காக்கைப் பார்த்து வந்ததாகக் கூறிக்கொள்வோர் உளர். அவர்கள் பார்த்தது தம்மையொத்த பிற பயணிகளையே.

அத்தெருவை விட்டு அரைமணிக்கும் குறைவாகக் கிழக்கு நோக்கி நடப்பவன் வேறொரு நகரைக் காண்கின்றான். அகன்ற இராசதம்னோன் சாலையின் அருகில், சேன் சேப் என்னும் கால்வாய்க்குச் செல்லும் படகுகளின் துறை இருக்கிறது. மூன்றாம் இராமர் என வழங்கப்பெறும் மன்னர் காலத்தில், 1837-ஆம் ஆண்டு முதல் 1840-ஆம் ஆண்டு வரை வெட்டப்பட்ட கால்வாய் அது. சாலைகளுக்காகப் பாங்காக்கின் கால்வாய்கள் பல தூர்க்கப்பட்டுவிட்டன. இதுவோ இன்றும் மக்களைச் சுமக்கிறது. படகு துறையில் நிற்பது சில நொடிகளே. அதற்குள் ஏறுவோர் ஏறவேண்டும், இறங்குவோர் குதிக்கவேண்டும். கட்டணம் வாங்குபவர் தலைக்கவசம் அணிந்து, படகின் வெளிவிளிம்பில் கயிற்றைப் பற்றியபடியே நடக்கின்றார். பாலம் தாழ்வாயிருப்பின் படகின் கூரையே தாழ்கிறது. எதிர்ப்படகு எழுப்பும் அழுக்கு நீர் மேலே தெறியாதிருக்க, ஓரத்தில் அமர்ந்தவர் திரைச்சீலையைக் கயிற்றால் இழுத்து உயர்த்துகின்றார். அயலூரானும் அவ்விடத்தில் அமர்ந்தால் அவன் வேலையும் அதுவே. அலுவலகம் செல்லும் மாதர்க்காகவும் பள்ளிச் சிறார்க்காகவும் அவன் கயிற்றை இழுத்தாக வேண்டும். பொன்வேய்ந்த கோயில்களைச் சுற்றிக் காட்டும் எந்த வழிகாட்டியும் இவ்வளவு விரைவில் அவனை ஊரோடு சேர்த்துவிட இயலாது.

அப்படகுத்துறையின் அருகில் நிற்பது மகாகான் கோட்டை. முதலாம் இராமர் 1782-இல் இந்நகரைத் தலைநகராக்கியபின் மதிலைச் சூழ எழுப்பிய 14 கோட்டைகளுள் எஞ்சியவை இரண்டே. மற்றொன்று காவோ சானுக்கு அண்மையில் ஆற்றங்கரையில் உள்ளது. மகாகானின் வெண்மதிலுக்குப் பின்னே, மரவீடுகளில் ஏறத்தாழ 300 பேர் வாழ்ந்தனர். மூங்கிலால் பறவைக்கூடு முடைவோரும், களிமண்ணால் முனிவர் பதுமை செய்வோரும் அவர்களுள் இருந்தனர். அவ்விடத்தைப் பூங்காவாக்கும்பொருட்டு 1992-இல் நிலத்தைக் கையகப்படுத்தும் ஆணை பிறந்தது. குடிகள் 25 ஆண்டுகள் விடாது எதிர்த்தனர். பூங்கா வேண்டாம் என அவர்கள் சொல்லவில்லை. தாமும் அங்கு வாழ்ந்து, பூங்காவையும் தாமே பேணுவதாகக் கூறினர். அவ்வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. 2018-இல் கடைசி வீடும் இடிக்கப்பட்டது.

நெருக்கம் மிகுந்த நகருக்குப் பசும்பரப்பு தேவை என்பதையும், பழஞ்சின்னம் யாவர்க்கும் பொது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் மதில் என்பது மாந்தரைக் காக்க எழுந்ததன்றோ? மதிலைக் காப்பதற்காக மாந்தரை அகற்றியது தலைகீழான செயலே. வருவோர் கண்ணுக்கு நகர் அழகாகத் தோன்றவேண்டும் என்பது அதிகாரிகளின் கருத்தாயின், தொலைதூரம் கடந்து வருவோன் எதனைக் காண வருகின்றான் என்பதையும் அவர்கள் எண்ணியிருத்தல் வேண்டும். புல்தரை எந்த ஊரிலும் உண்டு. மதிலடியில் கூடு முடையும் முதியவரை வேறெங்கே சென்று காண்பது?

இன்று அங்கே வரும் இளைஞன் வெண்மதிலைப் படம் எடுத்துக்கொள்கின்றான். வீடுகள் இருந்த இடத்தில் மரநிழலும் நடைபாதையும் இருக்கின்றன. பையைக் கழற்றிச் சற்றே இளைப்பாறுகின்றான். படகு புறப்படும் ஓசை கேட்டதும், பையை மீண்டும் தோளில் மாட்டிக்கொண்டு துறையை நோக்கி ஓடுகின்றான்.