சலத்தில் இரத்தம்: கிணற்றை மட்டும் குற்றஞ்சாட்டலாமா?

யாழ்ப்பாணத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் முதலில் எழும் கதை தண்ணீரைப் பற்றியதுதான். காரணம் இல்லாமலும் இல்லை. சுன்னாகம் மின்நிலையப் பகுதியிலிருந்து கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா வழங்குமாறு உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதும் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. சுண்ணக்கல் நிலம், யூரியாவும் மலசலகூடக் குழியின் கழிவும் இலகுவாகக் கீழே இறங்கிவிடும்.

ஆனால் சலப்பைப் புற்றுநோயைப் பொறுத்தவரை, கிணற்றையே பார்த்துக்கொண்டிருப்பது ஆபத்து என்று நினைக்கிறேன். நைத்திரேற்றுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. புகைத்தல் விடயத்தில் அந்த இழுபறி கிடையாது. அறியப்பட்ட காரணங்களில் அதுவே முதலாவது. புகையின் நச்சுகளைச் சிறுநீரகம் இரத்தத்திலிருந்து பிரித்து அனுப்ப, அவை சலத்தோடு மணிக்கணக்கில் சலப்பையின் உட்சுவரில் பட்டபடி நிற்கின்றன. சுருட்டும் விதிவிலக்கல்ல. ஒல்லாந்தர் காலத்திலேயே திருவிதாங்கூருக்குப் புகையிலை ஏற்றிய மண் இது. புகையிலைக் காசில் பிள்ளைகளைப் படிப்பித்த ஊர்களில், அதைக் குறைசொல்ல நாக்கு எழாதது எனக்கு விளங்குகிறது.

அறிகுறி இன்னும் ஏமாற்றுக்காரன். சலத்தோடு இரத்தம் போகும்; பெரும்பாலும் நோ இராது. இரண்டொரு நாளில் தானாக நிற்கும், வாரங்களோ மாதங்களோ கழித்துத் திரும்ப வரும். எங்கள் ஆக்கள் அதைச் 'சூடு' என்று இளநீர் குடித்து ஆற்றுகிறார்கள். பெண்களுக்கோ சலக்கிருமி என்று திரும்பத் திரும்பக் குளிசை.

பொறுத்துக்கொள்வது போர்க்காலத்தில் வேறு வழியில்லாமல் வந்த பழக்கம். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பின் மகரகமவுக்குப் போவதென்றால் கப்பல் அல்லது விமானம், அதற்கும் படைத்தரப்பின் அனுமதி. நோகாத ஒன்றுக்காக யார் அந்த வரிசையில் நிற்பார்? இன்று நிலைமை அதுவல்ல. தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 2011இல் நடந்து திரட்டிய நிதியில் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை தெல்லிப்பழையில் இருக்கிறது. பழக்கம்தான் போகவில்லை.

சலப் பரிசோதனை, ஸ்கான், பிறகு சலவழியால் மெல்லிய கமரா செலுத்திப் பார்ப்பது: கண்டுபிடிப்பது இப்படித்தான். கட்டி தசைக்குள் இறங்காவிட்டால் வயிற்றை வெட்டாமல் அதே வழியால் சுரண்டி எடுக்கலாம். திரும்ப வரும் ஆபத்து கூடியவர்களுக்கு, குழந்தைகளுக்குக் காசத்துக்கெதிராகப் போடும் பீசீஜீயை வேறு அளவில் சலப்பைக்குள் விடுவார்கள். தசைக்குள் இறங்கிவிட்டால் சலப்பையையே அகற்றி, பலருக்கு வயிற்றில் பை பொருத்த வேண்டிவரும். சிலருக்குக் கீமோவும் கதிர்ச் சிகிச்சையும் சேர்த்துக் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். இந்த இரண்டு நிலைக்கும் இடையில் பெரும்பாலும் இருப்பது, நாங்கள் இளநீர் குடித்துக் கழித்த மாதங்கள்.

சுரண்டி எடுத்ததோடு கதை முடிவதில்லை. இது திரும்பத் திரும்ப வரும் நோய். வழமையாக 3 மாதத்தில் மறுபடியும் கமரா, பிறகு வருடக்கணக்கில். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். ஆனால் நெடுந்தீவிலிருந்து படகேறி வரும் கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் போகும். கிணறுகளுக்காகத் தெருவில் இறங்கியவர்கள் இந்தப் பயணச் செலவுக்காகவும் சுகாதாரத் திணைக்களத்தின் கதவைத் தட்டலாம்.