தாம்பரத்தில் நடப்பவருக்கும் மிதிவண்டிக்கும் தொடர்ச்சியான பாதை வேண்டும்

பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், தாம்பரம் ஆகிய 5 நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் இணைக்கப்பட்டு, 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. தனித்தனி ஊர்களாக வளர்ந்தவை ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்துவிட்டபோதிலும், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு அச்சமின்றி நடந்தோ மிதிவண்டியிலோ செல்வதற்கான பாதை இன்னும் அமையவில்லை. எங்கெங்கோ சில நூறு மீட்டர் நடைபாதை கட்டுவதை நிறுத்திவிட்டு, வீடு, பள்ளி, சந்தை, ரயில் நிலையம் ஆகியவற்றை அறுபடாமல் இணைக்கும் பாதைத் திட்டம் ஒன்றை மாநகராட்சி முதலில் வகுக்க வேண்டும்.

இந்த நகரை இரண்டாகப் பிரிப்பவை ரயில் பாதையும் அதை ஒட்டியே செல்லும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) நெடுஞ்சாலையும் ஆகும். சென்னை கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. அந்தத் தடத்தை நம்பியே குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் ஆகிய பகுதிகளில் குடியிருப்புகள் பெருகின. ரயில் பயணி ஒவ்வொருவரும் பயணத்தின் இரு முனைகளிலும் நடப்பவராகவே இருக்கிறார் என்பதால், நிலையத்தை அடையும் வழி பாதுகாப்பாக இல்லாத வரை பொதுப் போக்குவரத்து முழுமை பெறுவதில்லை. நெடுஞ்சாலையைக் கடக்கும் சிக்கலுக்கு நடைமேம்பாலமே தீர்வு என்று நிர்வாகங்கள் நெடுங்காலமாகக் கருதி வருகின்றன. காய்கறிப் பையைச் சுமக்கும் மூதாட்டியும், கைக்குழந்தையுடன் வரும் தாயும், சக்கர நாற்காலியில் வருபவரும் படியேறி இறங்க வேண்டும், ஆனால் வாகனம் சில வினாடிகள்கூட நிற்க வேண்டியதில்லை என்பதே அந்த ஏற்பாட்டின் பொருள். மின்தூக்கி வைத்தாலும் அது பழுதாகும் நாளில் மையத்தடுப்பைத் தாண்டிக் குதிப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. ரயில் பாதையைக் கடக்க மேம்பாலமோ சுரங்கப்பாதையோ தவிர்க்க முடியாதது. சாலையைக் கடக்கவோ, தரைமட்டத்தில் சிக்னலுடன் கூடிய கடவையும், நடுவில் நின்று இளைப்பாறுவதற்கான அகலமான திட்டும் இருந்தாலே பெரும்பாலான இடங்களில் போதும்.

நடைபாதை என்ற பெயரில் இப்போது கட்டப்படுபவை பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மேல்மூடிகளே. அவை சாலையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வாகனம் ஏறுவதற்கான சாய்தளம் அவற்றை அறுக்கிறது. ஓரிடத்தில் மின்மாற்றி, அடுத்த இடத்தில் மின்பகிர்மானப் பெட்டி, அதற்கடுத்து உடைந்த மூடி எனத் தடைகள் தொடர்கின்றன. ஐம்பது அடிக்குள் மூன்று முறை ஏறி இறங்க நேரும் முதியவர் நான்காவது முறை சாலையிலேயே நடப்பதில் வியப்பில்லை. சாலைப் பணிகளுக்குத் தரநிர்ணயம் செய்யும் அமைப்பான இந்தியச் சாலைப் பேராயம், நடைபாதையில் குறைந்தது 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் தடையின்றி இருக்க வேண்டும் என்றும், சாலையிலிருந்து அதன் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்றும் வரையறுத்துள்ளது. கட்டும்போதே இந்த அளவுகளைக் கடைப்பிடித்தால் கூடுதலாகச் செலவாவது சொற்பமே. கட்டிய பின் இடித்துத் திருத்துவதுதான் மக்கள் வரிப்பணத்தை விழுங்குகிறது.

மிதிவண்டியின் நிலை இதைவிட மோசம். அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கி வருகிறது. பிள்ளைகளின் கையில் மிதிவண்டியைக் கொடுக்கும் அரசு, அதை ஓட்டுவதற்கான பாதையைக் கொடுப்பதில்லை என்பது சகித்துக்கொள்ளக்கூடிய முரண்பாடு அல்ல. மையத்தடுப்பின் திறப்பு வெகுதொலைவில் இருப்பதால் எதிர்த்திசையில் சாலையோரமாகவே மிதித்து வரும் மாணவியை விதி மீறியவர் என்று குறை கூறுவது எளிது. அவருடைய பள்ளிக்கு நேர்வழி ஏன் அமைக்கப்படவில்லை என்ற கேள்விக்குத்தான் விடை தேட வேண்டும். அகன்ற சாலைகளில் மிதிவண்டித் தடத்தை வெறும் வண்ணக் கோட்டால் குறித்தால் ஒரே வாரத்தில் அது கார் நிறுத்துமிடமாகிவிடும் என்பதால், அங்கே உறுதியான தடுப்பு அவசியம். உட்புறத் தெருக்களில் தனித்தடம் தேவையில்லை. வாகனங்களின் வேகத்தைக் குறைத்தாலே போதும்.

வேகமே உயிரைப் பறிக்கிறது. மணிக்கு 30 கிலோமீட்டரில் செல்லும் வாகனம் 60 கிலோமீட்டரை எட்டும்போது அதன் மோதல் ஆற்றல் இரு மடங்கு அல்ல, நான்கு மடங்காகிறது. நடப்பவரும் மிதிவண்டியோட்டியும் வாகனங்களோடு கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்சவரம்பாக இருக்க வேண்டும் என்று 2020இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலகச் சாலைப் பாதுகாப்பு மாநாட்டின் பிரகடனம் வலியுறுத்தியது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அதே ஆண்டில் 17,884 உயிரிழப்புகளுடன் தமிழ்நாடு நாட்டில் இரண்டாம் இடத்தில் இருந்தது. பலகை நட்டால் மட்டும் வேகம் குறையாது. பள்ளி வாசலில் நடைபாதை மட்டத்துக்கு உயர்த்திக் கட்டப்பட்ட கடவையும், தெருமுனையில் குறுக்கப்பட்ட திருப்பமும் ஓட்டுநரின் கால் தானாகவே பிரேக்கை நாடும்படி செய்கின்றன.

இவை எதுவும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. நடத்தலையும் மிதிவண்டியையும் உள்ளடக்கிய இயந்திரமில்லாப் போக்குவரத்துக்கான கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இலேயே ஏற்று, போக்குவரத்துக்கான நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை அதற்கு ஒதுக்குவதாக உறுதியளித்தது. 2018க்குள் 80 விழுக்காடு தெருக்களில் நடைபாதை என்ற அதன் இலக்கு எட்டப்படவில்லை. தாம்பரத்தில் தடை இன்னும் ஆழமானது. பெருஞ்சாலை நெடுஞ்சாலை அமைப்புகளிடமும், தண்டவாளம் ரயில்வேயிடமும், உட்தெரு மாநகராட்சியிடமும், மின்கம்பம் மின்வாரியத்திடமும் இருக்கின்றன. நடப்பவரின் முழு வழிக்கு மட்டும் பொறுப்பாளர் எவருமில்லை. மாநகராட்சி ஆணையரின் தலைமையில் இத்துறைகள் அனைத்தும் ஒரே வரைபடத்தில் கையெழுத்திட வேண்டும். தரநிலையை மீறிய சாலை வடிவமைப்பால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இடமளிக்கிறது. அந்தப் பிரிவைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

வாகன நிறுத்தம் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் அஞ்சுவது இயல்பே. எனினும் குரோம்பேட்டையிலும் மேற்குத் தாம்பரத்திலும் கடைத்தெருவை நிரப்புவோரில் பலர் பேருந்திலும் ரயிலிலும் வந்து நடப்பவர்களே. அவர்கள் நின்று பார்க்க இடம் கிடைத்தால் கடைக்கும் ஆதாயம்தான். தெருவோர வியாபாரிகளை விரட்டிவிட்டு நடைபாதை அமைப்பது நியாயமும் அல்ல, சட்டப்படி சரியும் அல்ல. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் வகுத்துள்ள நகர விற்பனைக் குழுவின் வழியாக அவர்களுக்குரிய இடத்தையும் வரைபடத்திலேயே குறிக்க வேண்டும். ஏரிக்கரைகளில் அமைக்கப்படும் நடைப்பயிற்சித் தடங்கள் வரவேற்கத்தக்கவை. ஆனால் காலையில் வேலைக்கு ஓடுபவருக்கு அவை பயன்படுவதில்லை.

எனவே தாம்பரம் மாநகராட்சி, தன் எல்லைக்குட்பட்ட ஒவ்வொரு ரயில் நிலையத்திலிருந்தும் அரசுப் பள்ளியிலிருந்தும் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குட்பட்ட பகுதிக்கான பாதை வரைபடத்தைத் தயாரித்து, வார்டு வாரியாக மக்களின் கருத்தைக் கேட்டு, அடுத்த வரவுசெலவுத் திட்டத்திலேயே அதற்கெனத் தனித் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும். மாமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி இந்தக் கோரிக்கையை மன்றக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்ற முன்வர வேண்டும்.