வலது பட்டன் யாருக்குச் சொந்தம்?

1856-ல் திறந்த நம்ம ராயபுரம் ரயில் நிலையத்தைப் பத்தி புராஜெக்ட் செய்ய இணையத்துல தேடினேன். ஒரு தளத்தில் மவுசின் வலது பட்டனை அழுத்தினா, ‘அனுமதி இல்லை’ன்னு பெட்டி வருது! திருட்டைத் தடுக்கத்தானாம்.

ஆனா பக்கம் திறந்தவுடனே எழுத்தும் படமும் நம்ம கம்ப்யூட்டருக்கு வந்தாச்சு. ஃபயர்பாக்ஸில் ஷிப்ட் விசையோடு அழுத்தினா பிரவுசரின் மெனுவே வந்துடும். அதனால திருடுறவன் மாட்டுறதில்லை. ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடுறவங்கதான் மாட்டுறாங்க.

கூகுள் டாக்ஸ் மாதிரி, வேலைக்கு உதவுற சொந்த மெனு வச்சா சரி. வெறுமனே பூட்டுறது தப்பு. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை இலவசமாத் தருது. அதனால தமிழுக்கு நஷ்டமா, லாபமா?

எடுத்தா, எங்கே எடுத்தோம்னு எழுதுறது நம்ம கடமை. நீங்க என்ன சொல்றீங்க?