ரயில் கட்டுப்பாட்டு அறைக்கு யார் பாதுகாப்பு?

பழவேற்காட்டில் ரயில் நிலையம் கிடையாது. அங்குள்ள மீனவ கிராமத்து மக்கள் சென்னைக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் பொன்னேரிக்கு வர வேண்டும். அங்கே ரயில் சிக்னலில் நின்றுவிட்டால் திட்டு வாங்குவது டிரைவர்தான். ஆனால் எந்த ரயிலை முன்னால் விடுவது, எதை நிறுத்தி வைப்பது என்று முடிவு செய்வது சென்னையில் இருக்கும் கட்டுப்பாட்டு அறை. விபத்து என்றால் நிவாரண ரயிலை அனுப்ப ஏற்பாடு செய்வதும் அதே அறைதான்.

புயல், வெள்ளம் வந்தால் எல்லோரும் தண்டவாளத்தையும் பாலத்தையும் பற்றித்தான் பேசுகிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பேசின் பிரிட்ஜ் - வியாசர்பாடி இடையே பாலத்தில் வெள்ளம் உயர்ந்து, சென்ட்ரல் ரயில்கள் ரத்தாயின. தண்ணீர் வடிந்ததும் ரயில் ஓடியது. ஆனால் உத்தரவு போடுகிற அறையே முடங்கினால்?

மத்தியப் பிரதேசத்தின் இட்டார்சியில் அதற்கு விடை கிடைத்தது. 2015 ஜூன் 17 அன்று அங்கே சிக்னல்களையும் பாதை மாற்றங்களையும் இயக்கும் ரிலே அறை எரிந்து போனது. தண்டவாளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நிலைமை சீராக ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை நூற்றுக்கணக்கான ரயில்கள் ரத்து! 2021 மார்ச் 8 அன்று கொல்கத்தாவில் ரயில்வே அலுவலகக் கட்டடத்தில் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் உட்பட 9 பேர் உயிரிழந்தார்கள். அங்கிருந்த சர்வர்கள் நின்றதால் டிக்கெட் முன்பதிவும் பாதிக்கப்பட்டது.

எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் வைத்தால் ஒரு தீ போதும். தீயணைப்புக் கருவியும் ஜெனரேட்டரும் அவசியம்தான். ஆனால் அவையும் அதே கட்டடத்தில்தானே இருக்கின்றன?

ஜப்பானைப் பாருங்கள். டோக்கியோ - ஒசாகா புல்லட் ரயிலை டோக்கியோவில் இருந்து கட்டுப்படுத்துகிறார்கள். 1995 கோபே பூகம்பத்துக்குப் பிறகு, 1999ல் ஒசாகாவில் இரண்டாவது கட்டுப்பாட்டு மையம் வந்தது. ஒன்று விழுந்தால் இன்னொன்று பொறுப்பேற்கும்.

"சும்மா கிடக்கும் அறைக்கு இவ்வளவு செலவா?" என்று கேட்கலாம். இன்சூரன்ஸ் பிரீமியமும் அப்படிப்பட்ட செலவுதான். விபத்து நடக்காத வருடத்தில் அதை நஷ்டம் என்று யாரும் எழுதுவதில்லை. ஒவ்வொரு கோட்டத்துக்கும் வேறு ஊரில், மேடான இடத்தில், தனி மின்சாரத்துடனும் தனி தொலைத்தொடர்புடனும் மாற்று அறை வேண்டும். வருடத்தில் ஒரு நாளாவது ரயில்களை அங்கிருந்தே இயக்கிப் பார்க்க வேண்டும். பழக்கமில்லாத அறை அவசரத்துக்கு உதவாது.

மோட்டார் படகில் போகும் மீனவர் துடுப்பையும் எடுத்துக்கொண்டுதான் போகிறார். என்ஜின் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல, கரை சேர வேண்டும் என்பதற்காக. ரயில்வேயும் அப்படி யோசிக்கட்டும்!