பதில் சொல்லு, காத்திருக்கேன்!

ஒரு சின்னப் பரீட்சை. நாளைக்கு ஆபீஸில் பக்கத்து ஸீட்காரரிடம், ‘என்ன ஸார், எப்படி இருக்கீங்க?’ என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நகராமல், அவர் முகத்தைப் பார்த்தபடி அப்படியே நில்லுங்கள். மூன்றாவது செகண்டில், ‘எவ்வளவு வேணும்? மாசக் கடைசி ஸார், கையில சுத்தமா இல்லை’ என்பார். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்கிற வழக்கம் நம்மை விட்டு அவ்வளவு தூரம் போய்விட்டது.

இந்த நிற்கிற வேலையை ஒழுங்காகச் செய்தே அமெரிக்கக் குழந்தைகளின் மனசைக் கொள்ளையடித்தவர் ஒருவர் உண்டு. பெயர் ஸ்டீவ் பர்ன்ஸ்.

1973-ல் பென்ஸில்வேனியாவில் பிறந்தவர். நாடகம் படித்துவிட்டு, பெரிய நடிகராகும் கனவோடு நியூயார்க் வந்தார். விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துக் காலத்தை ஓட்டினார். ஒரு நாள் ஆடிஷனுக்கு அழைப்பு. இதுவும் குரல் வேலைதான் என்று நினைத்துக்கொண்டு நீள முடியும், காதில் வளையமுமாகப் போய் நின்றால், அங்கே குழந்தைகள் நிகழ்ச்சிக்குக் கேமரா முன் நிற்க ஆள் எடுக்கிறார்கள்! ‘அடுத்த தடவை இந்தக் கோலத்தில் வராதே’ என்கிற அர்த்தத்தில் நாசூக்காகச் சொல்லி அனுப்பினார்கள்.

1996 செப்டம்பரில் நிக்கலோடியன் சானலில் ‘ப்ளூஸ் க்ளூஸ்’ ஆரம்பமானது. பச்சைப் பட்டை போட்ட சட்டையில் ஸ்டீவ். கூடவே ப்ளூ என்று ஒரு கார்ட்டூன் நாய். நாய் மூன்று பொருட்கள் மேல் பாத முத்திரை வைக்கும். அந்த மூன்று துப்பை வைத்து, அது என்ன கேட்கிறது என்று ஸ்டீவ் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்டீவுக்கோ முதுகுக்குப் பின்னால் இருக்கிற துப்புகூடக் கண்ணில் படாது. டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் மூன்று வயசு வாண்டுதான், ‘தோ, அங்கே!’ என்று கத்த வேண்டும்.

சூட்சுமம் இங்கேதான். கேள்வி கேட்டதும் ஸ்டீவ் பேச்சை நிறுத்திவிடுவார். கேமராவையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரியவர்களுக்கு டி.வி. மக்கர் பண்ணுகிறதோ என்று தோன்றும். குழந்தைக்கு அது யோசிக்கக் கிடைத்த நேரம். எல்லாம் கணக்குப் பண்ணிச் செய்தது. நிகழ்ச்சியை உருவாக்கிய மூவரில் ஒருவரான ஏஞ்சலா ஸான்டமேரோ, குழந்தை மனோதத்துவம் படித்தவர். ஒவ்வொரு கதையையும் நிஜக் குழந்தைகளிடம் மூன்று தடவை போட்டுப் பார்த்துத் திருத்தினார்கள். ஒரே எபிஸோடைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். நாமாக இருந்தால் செவ்வாய்க்கிழமையே சானலை மாற்றியிருப்போம். வாண்டுகள் வெள்ளிக்கிழமை இன்னும் உரக்கப் பதில் சொன்னார்கள்.

ஆனால் ஸ்டீவ் முன்னால் குழந்தையும் இல்லை, நாயும் இல்லை, வீடும் இல்லை. பின்னால் ஒரே நிறத்தில் ஒரு திரை. மற்றதெல்லாம் கம்ப்யூட்டர் உபயம். வெற்றுக் காற்றிடம் கேள்வி கேட்டு, அது சொன்ன பதிலுக்கு வருஷக்கணக்காகத் தலையாட்டியிருக்கிறார் மனுஷன்.

2002-ல் திரையிலிருந்து விடைபெற்றார். கதையில் ஸ்டீவ் காலேஜுக்குப் போவதாகக் காட்டி, ஜோ என்று ஒரு தம்பியைக் கொண்டுவந்தார்கள். நிஜத்தில் ஏன் போனீர் என்று கேட்டவர்களிடம், ‘முடி கொட்டுகிறது, வழுக்கையோடு குழந்தைகள் நிகழ்ச்சி பண்ணுவதாக இல்லை’ என்கிற மாதிரி சிரித்துச் சமாளித்தார். (தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டவர்கள் மேலே படிக்கலாம்.)

இதற்கிடையில் ஒரு வதந்தி. ஆசாமி செத்துவிட்டாராம்! போதை மருந்து என்றது ஒரு கோஷ்டி, கார் விபத்து என்றது இன்னொன்று. அவர் நிகழ்ச்சியில் இருந்த காலத்திலேயே கிளம்பிவிட்ட கதை இது. டி.வி. பேட்டியில் வந்து உட்கார்ந்து, ‘உயிரோடுதான் இருக்கேன்’ என்று காட்டியும் அடங்கவில்லை.

2022-ல் ஒரு பேட்டியில் விஷயத்தைச் சொன்னார். குஷியாகச் சிரித்து ஆடிய அந்த நாட்களிலேயே அவருக்குக் கடுமையான மனச்சோர்வு. அது ஒரு நோய் என்பதே அப்போது தெரியவில்லை. சிரிப்பது உத்தியோகம். எப்படியாவது சமாளித்து ஓட்டிவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறார். சிகிச்சையெல்லாம் பிற்பாடுதான். எபிஸோடுக்கு எபிஸோடு குழந்தைகளிடம் உதவி கேட்டவருக்கு, தனக்காக ஒருவரிடம் வாய் திறந்து கேட்க வரவில்லை.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2021 செப்டம்பரில், நிகழ்ச்சியின் 25-ம் ஆண்டுக்கு ஒரு குட்டி வீடியோ வெளியிட்டார்கள். திடீரென்று கிளம்பிப் போய்விட்டேனே என்று ஆரம்பித்து, வேலை, குடும்பம், படிப்புக் கடன் என்று ஒவ்வொன்றாகப் பரிவோடு விசாரித்தார் ஸ்டீவ். உங்களை மறக்கவே இல்லை என்றார். அன்றைய வாண்டுகள் இன்று முப்பதை ஒட்டிய ஆபீஸ் ஆசாமிகள். அழுதுவிட்டேன் என்று எழுதியவர்கள் ஏராளம்.

2024-ல் இன்னும் சிக்கனம். டிக்டாக்கில் முகத்தைக் காட்டி, என்ன நடக்குது, சொல்லுங்க என்கிற மாதிரி கேட்டார். அப்புறம் ஒரு நிமிஷம் வாய் திறக்கவில்லை. பார்த்தார், தலையாட்டினார். வீடியோ அவ்வளவுதான். கீழே ஜனங்கள் மனசில் இருந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தார்கள். இத்தனைக்கும் அது ஏற்கெனவே எடுத்துவைத்த படம், பதில் அவர் காதில் விழப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

பக்கத்து ஸீட்காரருக்கு நிஜமாகவே காது இருக்கிறது. உங்களுக்கும்தான். ‘நல்லா இருக்கேன்’ என்று அவர் சொன்ன பிறகும் இரண்டு செகண்ட் நின்று பாருங்கள். ஆபீஸையே சிரிக்கவைக்கும் கலகலப்பான ஆசாமி என்றால் நாலு செகண்ட்.

கடன் கேட்க வரவில்லை என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.